ஓவியம் வரைந்தே வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஓவியம், இல்லஸ்ட்ரேஷன், சுவரோவியம் என்று தொழில் செய்பவர்களுக்கும், அந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி பதில்கள். உங்களுக்கு வரையத் தெரியும் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறோம். பணம், பொருள், உரிமை, உடம்பு, கையின் வளர்ச்சி ஆகிய ஐந்தும்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன.

ஓவியத்தை மட்டும் நம்பி வாழ முடியுமா?

முடியும். ஆனால் சொந்தமாக வரைந்த படங்களின் விற்பனையை மட்டும் நம்பி வாழ்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்களின் வருமானம் மூன்று நான்கு வாய்க்கால்களில் வருகிறது: ஆர்டர் ஓவியம், புத்தக அட்டை மற்றும் பத்திரிகைப் படம், வகுப்பு, சுவரோவியம். இவற்றுக்கு நடுவே அவ்வப்போது ஒரு கண்காட்சி விற்பனை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, அங்கு குடியேறிய ஓவியர்கள் பாத்திக் துணியும் தோல், உலோகக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். நிலம் வாங்கவும் அடுப்பு எரியவும் உதவியது அந்தப் பணம்தான். நாளில் ஒரு பகுதி கைவினைக்கு, மீதி தங்கள் ஓவியத்துக்கு. சந்தைக்குப் பயந்து தங்கள் கேன்வாஸை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை அதனால் குறைந்தது. இந்திய நவீன ஓவியத்தில் ‘மெட்ராஸ் இயக்கம்’ என்று இன்று பேசப்படுவதன் பின்னால் இப்படி ஒரு வீட்டுக் கணக்கும் இருக்கிறது.

எங்கள் கருத்து இதுதான்: பிழைப்பு வேலையும் சொந்த வேலையும் ஒரே நேரத்தையும் ஒரே பணத்தையும் பங்குபோடும்வரை இரண்டும் கெடும். இரண்டுக்கும் தனி நேரம், தனிக் கணக்கு, முடிந்தால் தனி மேசை வையுங்கள். காலை முதல் மூன்று மணி நேரம் சொந்த வேலைக்கு என்றால், அந்த நேரத்தில் ஆர்டர் கொடுத்தவரின் போனை எடுக்க வேண்டாம். மாலையில் மிச்சமிருக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நேரம் மிஞ்சவே மிஞ்சாது.

மாதச் சம்பள வேலையை விடுவதற்கு முன் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

வீட்டுச் செலவும் பொருள் செலவும் சேர்த்து எட்டு மாதத்துக்கானது. மாதம் 25,000 ரூபாய் குடும்பச் செலவு, 4,000 ரூபாய் பொருள் செலவு என்றால் 2,32,000 ரூபாய். ஆறு மாதம் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஓவியத்தில் வேலை முடியும் நாளும் பணம் வரும் நாளும் ஒன்றல்ல. கண்காட்சியில் விற்ற படத்துக்குப் பணம் கைக்கு வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். பதிப்பகம் புத்தகம் வெளிவந்த பிறகு தரும், சில சமயம் அதற்கும் பிறகு. காலண்டர், டைரி வேலைகள் தீபாவளிக்கு முன்பே முடிந்துவிடும். கண்காட்சிகள் மார்கழியை ஒட்டிக் குவியும். கோடையில் வகுப்பு நிறையும். நடுவில் ஒன்றும் வராத மாதங்கள் கட்டாயம் உண்டு. அவற்றை நெருக்கடியாக நினைக்காமல் முன்கூட்டியே கணக்கில் எழுதிவிடுங்கள்.

படத்துக்கு விலை எப்படி வைப்பது?

இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று சதுர அங்குலக் கணக்கு, மற்றது நீளத்தையும் அகலத்தையும் கூட்டும் கணக்கு. 24 × 30 அங்குலப் படத்தை எடுத்துக்கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 30 ரூபாய் என்றால் 720 × 30 = 21,600. கூட்டல் முறையில் 24 + 30 = 54; அங்குலத்துக்கு 400 ரூபாய் என்றால் அதே 21,600.

வித்தியாசம் சிறிய படத்திலும் பெரிய படத்திலும் தெரியும். 10 × 12 அங்குலப் படத்துக்குச் சதுர முறையில் 3,600 ரூபாய்தான். ஃபிரேம் செலவு போனால் கூலிகூட மிஞ்சாது. கூட்டல் முறையில் 8,800. மாறாக 48 × 60 அங்குலத்துக்குச் சதுர முறையில் 86,400 என்று எகிறும், கூட்டல் முறையில் 43,200. பெயர் இன்னும் பரவாதவர்களுக்குக் கூட்டல் முறை பொருந்தும். பெரிய படங்களே உங்கள் பலம் என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளலாம். எந்த முறையானாலும் வருடம் முழுக்க அதையே பின்பற்றுங்கள்.

விலை சரியா என்பதைக் கூலியை வைத்துச் சோதிக்க வேண்டும். 30,000 ரூபாய்க்கு விற்ற படத்தில் கேலரி 40 சதவீதம் எடுத்தால் 18,000 கைக்கு வரும். ஃபிரேம் 2,500, பொருள் 2,000 போக 13,500. அந்தப் படத்துக்கு 45 மணி நேரம் ஆகியிருந்தால் மணிக்கு 300 ரூபாய். அது உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள். மணிக்கணக்கு எழுதி வைக்காதவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கேலரியில் 30,000 என்று தொங்கும் படத்தை வீட்டுக்கு வந்து கேட்பவருக்கு 18,000-க்குக் கொடுப்பது. ஊர் சிறியது, செய்தி போய்விடும். அடுத்த கண்காட்சிக்கு அந்தக் கேலரி கூப்பிடாது. முழு விலை கொடுத்து வாங்கியவரும் திரும்பி வரமாட்டார்.

கேலரியோடு எழுத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

கமிஷன் பொதுவாக 30 முதல் 50 சதவீதம். அது எத்தனை என்பதைவிட, எதன் மேல் என்பது முக்கியம். தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கிலிருந்து போகிறது? ‘இருவரும் பாதிப் பாதி’ என்று எழுதாவிட்டால் பெரும்பாலும் ஓவியர் தலையில்தான் விழும். படங்களின் பட்டியலைத் தலைப்பு, அளவு, ஊடகம், ஆண்டு, விலை என்று எழுதி இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். விற்றால் எத்தனை நாளில் பணம், விற்காவிட்டால் எந்தத் தேதியில் திருப்புவார்கள், வண்டிச் செலவு யாருடையது, அங்கே இருக்கும்போது நனைந்தாலோ கிழிந்தாலோ யார் பொறுப்பு என்பவையும் அதே தாளில் வர வேண்டும். திருப்பும் தேதி எழுதாத படங்கள் குடோனில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, பூஞ்சணம் பிடித்துத் திரும்பும்.

ஆர்டர் ஓவியத்தில் தகராறு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

தகராறு மூன்று இடங்களில் முளைக்கிறது: மூலப் புகைப்படம், திருத்தம், பாக்கிப் பணம்.

அதிகம் வரும் ஆர்டர் மறைந்த பெற்றோரின் உருவப்படம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி வரும்; கண்ணிமையும் உதட்டு ஓரமும் கரைந்திருக்கும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பழைய பிரிண்டையே வாங்கி 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஒரே படத்தை நம்பாமல், அதே வயதில் எடுத்த வேறு இரண்டு படங்களையும் கேளுங்கள். அடையாள அட்டைப் படத்திலிருந்து வரைந்தால் முகம் இறுகித்தான் வரும். “அப்பா இப்படி இருக்கமாட்டாரே” என்பார்கள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை.

முதலில் பென்சில் படியைக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதலை எழுத்தில் வாங்குவது நல்லது, குறுஞ்செய்தி போதும். பிறகு 50 சதவீத அட்வான்ஸ். திருத்தம் பென்சில் நிலையில் இரண்டு, வண்ண நிலையில் ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று முன்பே சொல்லிவிடுங்கள். பாக்கி வந்த பிறகுதான் படம் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். நடுவில் அவர்களே வேண்டாம் என்றால் அட்வான்ஸ் திரும்பாது என்ற வரியும் தேவை. உறவுக்காரர்களிடம் இதையெல்லாம் சொல்ல நாக்கு வராது. அப்படியானால் படத்தைப் பரிசாகவே கொடுத்துவிடுங்கள். அரை விலைக்குச் செய்தால் படமும் கெடும், உறவும் கெடும்.

நான் வரைந்த படத்தின் காப்புரிமை யாருக்கு?

யாரும் கேட்காமல் தாமாகவே வரைந்த படத்தின் உரிமை வரைந்தவருக்கே. படத்தை விற்றாலும், அதை அச்சடிக்கும், நகலெடுக்கும் உரிமை கூடவே போவதில்லை. ஆயுள் முழுக்கவும், இறந்த பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு பள்ளம் 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து, கேட்டு வரைவித்த ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். அதாவது ஆர்டர் எடுத்து வரைந்த படத்தை நீங்கள் பிறகு பிரிண்ட் போட்டு விற்றால், சட்டம் அவர் பக்கம் நிற்கலாம். தடுக்க ஒரு வரி போதும்: “இந்த ஓவியத்தின் காப்புரிமை ஓவியரிடமே இருக்கும், வாங்குபவர் தன் இடத்தில் காட்சிக்கு வைக்கலாம்.” இருவரும் கையெழுத்திட வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வேலையின் பகுதியாக வரைவதும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெரும்பாலும் நிறுவனத்துக்கே.

அட்டைப்படம் போன்றவற்றில் உரிமையை எழுதிக் கொடுக்கும்போது 19-ஆம் பிரிவைக் கவனியுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். எனவே ‘முதல் பதிப்பு, அச்சு வடிவம், தமிழ்’ என்று குறுக்கி எழுதிக் கொடுத்து, மின்னூலுக்கும் மறுபதிப்புக்கும் தனியாகக் கேட்பதே சரி. ‘எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும்’ என்ற வரி வந்தால் தொகை இரண்டு மூன்று மடங்காக வேண்டும்.

உரிமையை விற்ற பிறகும் உங்களிடம் மிஞ்சுவது 57-ஆம் பிரிவு: படைத்தவர் என்று சொல்லிக்கொள்ளவும், பெயருக்குக் கேடு வரும்படி படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கவும் உள்ள உரிமை. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்தெடுத்துச் சிதைத்தார்கள்; அவர் 1992-இல் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர்நீதிமன்றம் எஞ்சியவற்றை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. சிதைத்ததிலிருந்து தீர்ப்புவரை இருபத்தாறு ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

நம் ஊர் ஈரத்தில் படங்கள் கெடாமல் இருக்க என்ன செய்வது?

கடலோர ஊர்களில் படங்களைத் தின்பது வெயிலைவிட ஈரம்தான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் காகிதத்தில் பூஞ்சணம் வரும். சில நூறு ரூபாய்க்கு ஈரமானி கிடைக்கிறது. ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள்.

காகிதப் படங்களை அமிலமற்ற தாளுக்கு நடுவில், படுக்கை வாட்டில், தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்த்தி வையுங்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதன் அமிலம் பழுப்பேற்றும். செல்லோடேப்பும் ஆகாது, சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகி காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. மைதா பசை ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து.

ஃபிரேம் போடும்போது கண்ணாடி காகிதத்தைத் தொடக்கூடாது. நடுவில் மவுன்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டம்) வைத்து இடைவெளி விடாவிட்டால், மழைக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து, வண்ணம் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஃபிரேமின் பின்பக்கக் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். வெளிச்சுவரில், அதுவும் மழை அடிக்கும் பக்கத்தில், மாட்ட வேண்டாம்.

கேன்வாஸில் வேறு சிக்கல். கடையில் கிடைக்கும் மலிவான சட்டத்தில் மரம் சரியாகக் காய்ந்திருக்காது. ஆறு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். 36 அங்குலத்துக்கு மேல் போனால் குறுக்குச் சட்டம் கேளுங்கள். மூலையில் ஆப்பு வைத்த சட்டமாக இருந்தால், மழையில் துணி தளர்ந்தபோது தட்டி இறுக்கிக்கொள்ளலாம்.

அக்ரிலிக் காய்ந்த பிறகும் வெக்கையில் லேசாகப் பிசுபிசுக்கும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது தோலோடு வரும். பபிள் ராப்பை நேராகச் சுற்றினால் குமிழ்களின் வட்டம் படத்தில் பதியும். முதலில் பட்டர் பேப்பர் அல்லது சிலிகான் தாள், பிறகு அட்டை, அதன் மேல் பபிள் ராப், குமிழ்கள் வெளிப்பக்கமாக.

எண்ணெய் வண்ணத்தில் அடிப்படை விதி, கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். மாற்றிச் செய்தால் மேல் அடுக்கு முதலில் இறுகி, கீழே இருப்பது பிறகு அசையும்போது வெடிக்கும். அக்ரிலிக் மேல் எண்ணெய் போடலாம், எண்ணெய் மேல் அக்ரிலிக் நிற்காது. இறுதி வார்னிஷை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்துப் போடுங்கள். தடித்துப் பூசிய இடமிருந்தால் இன்னும் தாமதிக்கலாம்.

எந்த வண்ணம் வெளுக்கும்?

டியூபின் பின்னால் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள், முன்னால் இருக்கும் பெயரை அல்ல. அலிசரின் கிரிம்சனில் பழைய நிறமி பிஆர் 83 என்றால் மெல்லிய பூச்சில் சில ஆண்டுகளில் மங்கும். ‘பெர்மனன்ட்’ என்று போட்டு வேறு நிறமியில் வருவதை வாங்கலாம். கண்ணைப் பறிக்கும் ஒளிரும் ரோஜா நிறங்களில் பெரும்பாலும் சாயம் கலந்திருக்கும். அச்சுக்குப் போகும் படத்துக்குச் சரி, விற்கும் மூலப்படத்துக்கு வேண்டாம். காவி, மண் மஞ்சள், அம்பர், அல்ட்ராமரைன் எல்லாம் நின்று பேசுபவை. சந்தேகம் இருந்தால், ஒரு தாளில் பட்டைகளாகப் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வைத்துப் பாருங்கள்.

சுவரோவிய வேலைக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

சதுர அடிக் கணக்குதான். ஆனால் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் தொகை சொல்லாதீர்கள். புதுப் பூச்சு என்றால் 28 நாளாவது ஆறியிருக்க வேண்டும். அதற்கு முன் சிமெண்டின் காரம் வண்ணத்தை அரிக்கும். ஈரமிருக்கிறதா என்று பார்க்க, ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்தால் சுவர் தயாரில்லை. உப்புப் பூத்த சுவரில் வெள்ளையடித்து மறைத்து வரைந்தால் அடுத்த மழையில் படம் செதில் செதிலாக வரும். அடியில் நீர்க்கசிவைச் சரிசெய்வது கட்டட உரிமையாளரின் வேலை, அதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

10 × 40 அடிச் சுவர் என்றால் 400 சதுர அடி. வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 60 சதுர அடி. அடிப்படை நிறத்துக்கே ஏழெட்டு லிட்டர். இதற்கு முன் காரம் தாங்கும் பிரைமர் ஒரு கோட். சாரம், உதவியாள், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் தனி வரியில் வர வேண்டும். மழையால் நின்ற நாளுக்கும் உதவியாளுக்குக் கூலி உண்டல்லவா, அதையும் சேருங்கள்.

சூடான சுவரில் தூரிகை இழுபடும், ஓரங்கள் பொடியும். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேலும் வரையுங்கள். தரையிலிருந்து இரண்டடிவரை சேறு தெறிக்கும், அங்கே முகம் வைக்காதீர்கள். சென்னை கண்ணகி நகரில் பெரிய குடியிருப்புச் சுவர்கள் ஓவியமான பிறகு இந்த வேலைக்குக் கேட்பு கூடியிருக்கிறது. கூடவே, பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் மூன்றாம் மாடிச் சாரத்தில் ஏறச் சொல்லும் ஆட்களும் கூடியிருக்கிறார்கள். ஏறாதீர்கள்.

படங்களை எப்படிப் போட்டோ எடுப்பது?

மொட்டைமாடிக் கதவோரம் நேர் வெயில் படாத நிழல், காலை ஒன்பது பத்து மணி. அதுவே பெரும்பாலும் போதும். விளக்கு என்றால் ஒரே மாதிரி இரண்டு, படத்துக்கு 45 டிகிரியில் இரு பக்கமும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, லென்ஸின் நடுப்புள்ளி படத்தின் நடுப்புள்ளிக்கு நேராக இருக்க வேண்டும். போனின் அகலக் கோணத்தில் ஓரங்கள் வளையும். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள். முதல் படத்தில் சாம்பல் அட்டை ஒன்றைச் சேர்த்து எடுத்தால் நிறத்தைச் சரிசெய்யலாம்.

ஏ3 அளவில் 300 டிபிஐ பிரிண்டுக்கு 3508 × 4961 பிக்சல் வேண்டும். இணையத்தில் போடுவதற்கு நீண்ட பக்கம் 1500 பிக்சல் போதும். அதற்கு மேல் போட்டால் யாரோ அதில் டி-ஷர்ட் அடிப்பார்கள். வரையறுத்த பிரிண்ட் என்று 25 மட்டும் சொன்னால் 25-தான். பிறகு ‘வேறு அளவு’ என்று மேலும் 50 அடிப்பது முதலில் வாங்கியவரை ஏமாற்றுவது.

ஒரே மாதிரி வரைந்துகொண்டே இருக்கிறேன். கை வளர என்ன வழி?

விற்கும் படத்தைத் திரும்ப வரைவது இயல்பு. அது கேட்கப்படுகிறது, வேகமாக முடிகிறது, வாடகை கொடுக்கிறது. சிக்கல் எங்கே என்றால், விடை தெரிந்த கணக்கையே கை திரும்பப் போடுகிறது. கண் அதில் வேலை செய்வதில்லை. வெளியே வர உந்துதலுக்குக் காத்திருப்பதைவிட, சுதந்திரத்தைக் குறைத்துக்கொள்வது பலன் தரும்.

ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் தெருவின் இஸ்திரி வண்டி, மீன் சந்தை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள், எதுவானாலும். 6 × 8 அங்குலத்தில் 20 படங்கள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். வண்ணம் அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, வெள்ளை மூன்று மட்டும். முதல் இரண்டையும் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு வரும். விகிதத்தை மாற்றினால் குளிர்ந்த சாம்பலும் வெதுவெதுப்பான சாம்பலும் கிடைக்கும். நிறத்தின் கவர்ச்சி போய்விடுவதால் வெளிச்சமும் அமைப்பும் மட்டுமே படத்தைத் தாங்க வேண்டியிருக்கும். முதல் ஆறேழு படங்களில் உங்கள் பழைய தந்திரங்கள் எல்லாம் தீர்ந்துவிடும். எட்டிலிருந்து பன்னிரண்டுவரை எரிச்சலாக இருக்கும், பலரும் விடுவது அங்கேதான். அதற்குப் பிறகு வருபவற்றில்தான் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றிரண்டு கிடைக்கும். எல்லாவற்றையும் சுவரில் வரிசையாக ஒட்டி, ஒரு வாரம் கழித்து ஐந்தைப் பொறுக்குங்கள். அவற்றில் இரண்டைப் பெரிதாக்குங்கள். தோற்றவற்றைக் கிழிக்க வேண்டாம். பின்னால் தேதியும் எங்கே தடுக்கியது என்று ஒரு வரியும் எழுதி வையுங்கள்.

இரண்டாவது வழி, பார்த்து வரைவது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் ஒரு நடராசரை எடுத்துக்கொண்டு, முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றையும் கோட்டில் மட்டும் வரையுங்கள். எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பது பின்பக்கம் வரையும்போதுதான் புரியும். வெள்ளிக்கிழமை விடுமுறை. பென்சிலோடு போங்கள். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு கூட்டத்தை ஒரே தளத்தில் அடுக்குவதைச் சொல்லித்தரும். அதிகாலை வெளிச்சத்தில் போனால் புடைப்பு தெளிவாகத் தெரியும். கோயில் கோயிலாகப் போய் சிற்பங்களை நேரில் பார்த்து ஆனந்த விகடனுக்கு வரைந்த சில்பியின் படங்களைப் பார்த்தால், பத்திரிகை வேலையே ஒருவருக்கு வாழ்நாள் பயிற்சியாகவும் இருக்கலாம் என்று தெரியும். கே.எம். ஆதிமூலமும் அப்படித்தான்: காந்தி கோட்டோவியங்களும், இதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் போட்ட தலைப்பெழுத்துகளும், பிற்கால வண்ண அரூபங்களும் ஒரே கையிலிருந்து வந்தவை.

‘என் பாணி’ என்ன என்று இருபத்தைந்து வயதில் கவலைப்படுகிறவர்கள் அநேகம். அது தேடிக் கிடைப்பதில்லை. இருபது படங்களை அடுக்கிப் பார்க்கும்போது எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

யாரிடம் கருத்துக் கேட்பது?

வாங்க வாய்ப்பில்லாத, உங்களைவிடப் பத்து ஆண்டு கூடுதலாக வேலை செய்த இருவர் போதும். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் வரும். “முதலில் கண் எங்கே போகிறது? எதை எடுத்துவிட்டால் படம் குறையாது?” என்று கேளுங்கள்.

உதவித்தொகை, விண்ணப்பம்?

மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் திட்டங்களைக் கவனியுங்கள். 18 முதல் 25 வயதுவரை இளம் கலைஞர் உதவித்தொகை. 25 முதல் 40 வரை ஜூனியர் ஃபெலோஷிப். 40-க்கு மேல் சீனியர் ஃபெலோஷிப். மூன்றும் இரண்டு ஆண்டுகளுக்கு. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையம் இருக்கிறது. கண்காட்சிக் கூடமும் பட்டறை வசதியும் உண்டு. அறிவிப்புப் பலகையை மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது வீணாகாது.

விண்ணப்பத்தில் 15 படங்கள் போதும், எல்லாம் கடந்த மூன்று ஆண்டுகளுக்குள். பத்து வகையைக் காட்டுவதைவிட ஒரே தொடரிலிருந்து எட்டு வைப்பது வலு. குறிப்பு 150 சொல். ‘மனித உணர்வுகளின் ஆழம்’ போன்ற வரிகளை அடித்துவிட்டு, எதை, எந்தப் பொருளில், ஏன் வரைகிறீர்கள் என்று எழுதுங்கள். கோப்புப் பெயரில் உங்கள் பெயரும் வரிசை எண்ணும் இருக்கட்டும்.

பணம் கேட்கும் கண்காட்சி அழைப்புகளை நம்பலாமா?

கூடத்தின் வாடகையைப் பகிரும் குழுக் கண்காட்சி வேறு. தெரியாத ஆள் ‘சர்வதேச விருது, சான்றிதழ், கட்டணம் இவ்வளவு’ என்று எழுதினால் அது சான்றிதழ் வியாபாரம். இன்னொன்று, “என் மனைவிக்கு உங்கள் படம் பிடித்துவிட்டது” என்று வெளிநாட்டிலிருந்து வரும் மின்னஞ்சல்: விலைக்கு மேல் செக் அனுப்பி, மீதியைக் கூரியர்காரருக்குக் கொடுக்கச் சொல்வார்கள், செக் பிறகு திரும்பும். உள்ளூர் வடிவம், ‘பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்’ என்பது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை.

வரி?

படம் விற்பது பொருள் விற்பனை. சுவரில் வரைந்து கொடுப்பதும் வகுப்பு எடுப்பதும் சேவை. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம்வரை, சேவையும் சேர்ந்தால் 20 லட்சம்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வேறு மாநிலத்துக்கு விற்பது, இணையத் தளம் வழியாக விற்பது என்றால் விதிகள் மாறும், ஆடிட்டரைக் கேளுங்கள். நிறுவனங்கள் பணத்தில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பும். எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்ட பில் கொடுங்கள், வண்ணக்கடை ரசீதை எடுத்து வையுங்கள்.

பட்டறையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

லின்சீட் எண்ணெய் நனைந்த துணிக்கு. கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வரும் சூடு உள்ளேயே தங்கி, தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள். டர்பென்டைனை மூடிய ஏசி அறையில் திறந்து வைக்காதீர்கள். காட்மியம், கோபால்ட் வண்ணங்களைத் தேய்த்துத் தூளாக்க வேண்டாம், தூரிகையை வாயில் வைத்து முனை திருத்தும் பழக்கத்தையும் விடுங்கள். தோள்வலிக்குப் பெரும்பாலும் காரணம் ஈசலின் உயரம்: வரையும் இடம் மார்புக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும்படி படத்தை ஏற்றி இறக்குங்கள்.

வெளியூருக்குப் படம் அனுப்புவது எப்படி?

கேன்வாஸைச் சுருட்டுவதானால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, குறைந்தது ஆறு அங்குல விட்டமுள்ள பிவிசி குழாயில். உள்பக்கம் சுருட்டினால் வண்ணம் நசுங்கி மடிப்பு விழும். சட்டத்தோடு என்றால் மூலைகளுக்கு அட்டை, இருபுறமும் ஒட்டுப்பலகை. கண்ணாடி போட்டு அனுப்பாதீர்கள், அக்ரிலிக் தகடு போடுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் பார்சலில் வரைந்த ஆண்டையும் ‘சமகால ஓவியம், வரைந்தவர் உயிரோடிருப்பவர்’ என்பதையும் பில்லில் எழுதி, கையெழுத்திட்டு, படத்தின் போட்டோவோடு வையுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியங்களை நாட்டைவிட்டு வெளியே அனுப்பச் சட்டத் தடை இருப்பதால், கோயில், தெய்வ உருவம், பழைய பாணி என்று தெரிந்தாலே சுங்கத்தில் நிறுத்துவார்கள். தஞ்சாவூர் பாணிப் படங்களுக்கு, தொல்லியல் துறையிடமிருந்து ‘தொன்மைப் பொருள் அல்ல’ என்ற சான்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.